அத்தைக்கு வைத்த பேனர்

நான் வேலை பார்த்த ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு ஃபோல்டர் இருந்தது. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள். உள்ளே ஏற்கெனவே செய்துவைத்த டிசைன்கள். வருகிறவர் போட்டோ கொடுப்பார். பழைய முகத்தை எடுத்துவிட்டுப் புது முகத்தை வைத்தால் பேனர் தயார். விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு இதையா செய்கிறாய் என்று தோழிகள் கேட்டார்கள். எனக்கென்னவோ அது சலிக்கவே இல்லை. மதுரையில் யாருடைய முகத்தை யார் ஊருக்குக் காட்ட ஆசைப்படுகிறார்கள் என்பதெல்லாம் என் மவுஸ் வழியாகத்தான் போனது.

ஒரு நாள் மத்தியானம், வேலை இல்லாத நேரத்தில், ஒரு சந்தேகம் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் எந்த ஃபோல்டரில் இருக்கிறார்கள்? தேடினேன். கல்யாணப் பேனர்களில் ஓர் ஓரமாக, கணவரோடு சேர்ந்து, வட்டத்துக்குள் சின்னதாக இருந்தார்கள். பெரிய முகமாக, தனியாக, பேனர் முழுக்க நிறைந்து இருந்தது ஒரே ஒரு ஃபோல்டரில்தான்: கண்ணீர் அஞ்சலி.

"அண்ணே, உசுரோட இருக்குற அம்மாமார்களுக்கு நம்மகிட்ட ஒரு டிசைன்கூட இல்லையேண்ணே" என்றேன் முதலாளியிடம்.

"யாரு வந்து கேட்டா? கேட்டா செஞ்சுட்டுப் போறோம்" என்றார் அவர், பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டே.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஏனென்றால் கேட்கக்கூடிய ஓர் ஆளோடுதான் நான் ஒரே வீட்டில் குடியிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் சோழவந்தானில். நான் வேலைக்காகத் தல்லாகுளத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாக வேலை. காலையில் வழக்குக் கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனால் சாயங்காலம்வரை அங்கேதான். கோர்ட் ஹாலுக்குள் போன் அடித்துவிட்டால் வம்பு என்று வாசலிலேயே அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி மட்டும் வெள்ளையாக இருக்கும். மற்றதற்கு மை போடுவாள், அதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தாள். இஸ்திரி போட்ட காட்டன் சேலை, முதுகுப் பக்கம் டெய்லரோடு சண்டை போட்டுத் தைத்த ரவிக்கை, கரும்சிவப்பு லிப்ஸ்டிக், ஸ்கூட்டரில் ஏறியதும் கூலிங் கிளாஸ். மாமா போன பிறகு பொட்டைச் சின்னதாக்கச் சொன்னார்களாம். இவள் முன்னைவிடப் பெரிதாக்கிவிட்டாள். தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து அவள் கிளம்புவதைப் பார்ப்பது எனக்கு ஒரு வேலையாகவே இருந்தது.

"யாருக்காக அத்தை இம்புட்டும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஜட்ஜு முன்னாடி கட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். பேசுறது பூரா வக்கீலு. நான் வாயத் தெறக்கக் கூடாது. சேலையாச்சும் பேசட்டுமே" என்றாள், உதட்டைக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டு.

அடுத்த சில நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். கீழவாசல் பக்கம் தன் அப்பா காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் பாய். கையில் ஒரு பென் டிரைவ். அதில் இருபது வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றில் முடி பறக்க நின்றாள்.

"இந்தப் போட்டோவைப் போட்டுத்தான் வருஷா வருஷம் பேனர் அடிக்கிறேன்மா. இந்தத் தடவை வீட்டுல சத்தம் போடுறாங்க. 'இந்தப் புள்ளைக்கு எதுக்குங்க கண்ணாடி? கொசுவுக்குக் கால் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுமே! ஊசியில நூல் கோக்க முடியாம நிக்கிறது நானு, என்னைய மாதிரி ஆளை வைங்க'ங்கிறாங்க. சரி, நீயே நில்லுன்னேன். 'அய்யய்யோ நான் மாட்டேன்'னுட்டாங்க. ஆளுக்கு எங்கம்மா போறது?"

"என்கிட்ட ஒரு ஆள் இருக்காங்க பாய்" என்றேன், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமலே.

வீட்டில் சொன்னதும் அத்தை சிரித்தாள். போடி வேலையற்றவளே என்றாள். பாத்திரம் தேய்த்தாள். பாதித் தேய்ப்பில் திரும்பி, "லைட்டு எந்தப் பக்கம் இருந்து வரும்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாய் கடையிலேயே போட்டோ எடுத்தேன். பாயின் மனைவி தட்டுத் தட்டாக ஃபிரேம்களைக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு, பழுப்பு, தங்கக் கம்பி. வயதுக்குத் தகுந்தது என்று அவர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் அத்தை ஒரு தடவை போட்டுப் பார்த்து மடக்கி வைத்தாள். கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில், கல்லூரிப் பெண்களுக்கு என்று வைத்திருந்த சிவப்பு ஃபிரேமைக் கை காட்டினாள். "அதை எடுங்க." போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுத்த பதவிசான புன்னகை எங்கேயோ போய்விட்டது. பல் தெரிய, ஒரு பக்கப் புருவம் தூக்கி, வாய்விட்டுச் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

பாய் கேமராவின் சின்னத் திரையில் குனிந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ். இதைத் தல்லாகுளத்துல வைப்போம். ஜனங்க வந்து விசாரிச்சாங்கன்னா லோக்கல் டிவிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இவங்களையே வச்சு வீடியோ எடுத்துருவோம். இல்லைன்னா பழைய பொண்ணுதான்."

அன்றைக்கு ஆரம்பித்தது அத்தைக்கு. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே "பாய் எதாச்சும் சொன்னாரா?" என்பாள். இல்லை என்றால் முகம் ஒரு நொடி விழும். இவ்வளவு ஆசை எதற்கு என்று தெரிந்துகொள்ள எனக்குத் துறுதுறுவென்று இருந்தது. கேட்டேன்.

"அண்ணனோட தங்கச்சி, உங்க மாமாவோட சம்சாரம், வக்கீலோட குமாஸ்தா. எங்க போனாலும் இப்படித்தான் பாத்திருக்காக. அந்த பேனர்ல நான் மட்டும்தான்டி இருக்கேன். டிவில வந்தா பேசவும் செய்வேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்படி இருந்து பாக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்ட மாதிரி சமையலறைக்குள் போய்விட்டாள்.

பேனர் தல்லாகுளத்தில், ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலே இருந்த இரும்புச் சட்டத்தில் ஏறியது. ஸ்டாண்டுக்காரர்களின் பெயர்ப்பலகை கீழ்ப்பாதியை மறைத்துவிட்டதால் கடைப் பெயரும் நான் யோசித்து எழுதிய வாசகமும் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. அத்தையின் முகம் மட்டும் தெரியும், சிவப்புக் கண்ணாடியும் சிரிப்புமாக. ஆட்டோக்காரர்களுக்கு அவளை முன்பே பழக்கம். "குமாஸ்தாக்கா, இனிமே எங்களுக்கு வெயில்ல நெழலு நீங்கதான்!" என்று ஒருவர் கத்தினார். அத்தை கூலிங் கிளாஸை இறக்கி, "வாடகை வாங்குவேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோர்ட்டுக்கு நேர்வழி இருக்க, தினமும் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

அடுத்து நடந்ததுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்டாண்டில் ஒருவர் புது ஆட்டோ எடுத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டார்கள். எல்லா வண்டிக்கும் மாலை போட்டபின் ஒரு சம்பங்கி மாலை மிஞ்சியது. அதை வீணாக்குவானேன், அக்காவுக்கும் போடுவோம் என்று ஏணி வைத்து ஏறி பேனரின் இரண்டு மூலையிலும் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். பாசம்தான். வேறொன்றும் இல்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு நின்றேன். தெரு முனையில் ஒரு பெண்ணின் ஒப்பாரிக் குரல் கேட்டது. யார் வீட்டில் என்னவோ என்று ஜன்னலைத் திறந்தால், ஒரு சின்ன லோடு வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னாலிருந்து பெரியம்மா இறங்கினார், நெஞ்சில் அடித்துக்கொண்டே. பின்னாலேயே பெரியப்பா, தோளில் துண்டு, கையில் ஆள் உயர ரோஜா மாலை. கூட வந்தவர்கள் தாம்பாளத்தில் ஒரு புதுச் சேலையை வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி. ஒரு பெண் இறந்துவிட்டால் அவள் பிறந்த வீட்டார் கடைசியாக உடுத்திவிடக் கொண்டுவரும் சேலை.

எழுமலையில் இருக்கும் எங்கள் பெரியப்பா, அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம் வாங்கிய முதல் நிலத்தைப் பங்கு பிரித்தபோது, வரப்பு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அப்பாவுக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. அதிலிருந்து பேச்சு இல்லை. என்னை வீட்டில் தங்கவைத்ததால் தங்கச்சி தம்பி பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று அத்தையோடும் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"என் ராசாத்தி, சாவுக்குக்கூட எங்களுக்குச் சொல்லிவிடலையேடி!" என்று பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டார். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியதைப் பார்த்து அழுகை இன்னும் கூடியது. எல்லாம் முடிந்து தலை முழுகிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

"எடுத்துட்டீகளா? எங்க வச்சு எடுத்தீக? எங்களைக் கேக்காம எப்படி எடுப்பீக?" பெரியப்பாவுக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "வாய்தாவுக்கு வந்த நம்மூருக்காரன் பஸ்ஸுல இருந்து பாத்துட்டுச் சொல்றான். எங்களுக்கு ஒரு போன் இல்லை. அவ நம்பருக்கு அடிச்சா சுவிட்ச் ஆஃப். உங்க அப்பன்கிட்டக் கேக்க எனக்கு வெக்கமா இருக்காதா? வர்ற வழியில வண்டியில இருந்தே நானும் பாத்தேன். எம்புட்டு அழகாச் சிரிச்சுக்கிட்டு… மாலையோட…"

"பெரியப்பா, அத்தை கோர்ட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன்.

யார் காதிலும் விழவில்லை. எதிர்வீட்டு அம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டார். எதற்கு என்று கேட்காமல் நாலு பேர் தெருவில் கூடிவிட்டார்கள். கோர்ட்டுக்கு ஓடலாமா, உள்ளே விடுவார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வழக்கு தள்ளிப்போனதால் அத்தை சீக்கிரம் வந்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கூலிங் கிளாஸோடு நின்றாள்.

"என்னடி, யாருக்கு என்ன?"

பெரியம்மாவின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது. பெரியப்பா கையிலிருந்த மாலை தரையில் புரண்டது. முதலில் பேசியது பெரியம்மாதான்.

"ஏத்தா, இருக்கியாத்தா?"

"இருக்கேன் மதினி. சாப்பிடத்தான் வந்தேன்."

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பாதி பாதியாகச் சொல்லிப் புரியவைத்தேன். பெரியப்பாவின் துக்கம் வடிந்த வேகத்தில் ஆத்திரம் ஏறியது.

"மொதல்ல அதைக் கழட்டு. உசுரோட இருக்குறவ மாலையோட ரோட்டுல தொங்குறதா? அபசகுனம் புடிச்ச வேலை."

எனக்கோ அவர் கோபத்தைவிட வேறொன்று குடைந்தது. "பெரியப்பா, செத்துட்டாங்கன்னு எதை வச்சு முடிவு பண்ணுனீங்க? மாலையை வச்சா?"

"ஆமா."

"மாலை இல்லைன்னா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லைன்னாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பேன். கூட ஒரு ஆளு இல்லை. பேரன் கல்யாணமா, பேத்தி காதுகுத்தா, ஒன்னும் இல்லை. பொம்பள தனியாச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. வேற எதுக்கு ஊர்ல பேனர் வைப்பாக?"

அத்தை பைக்குள்ளிருந்து போனை எடுத்து ஆன் செய்தாள். உடனே அது அடித்தது. பாய். தெருவில் கூடியவர்கள் சொல்லி, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அவருக்குச் சேதி போயிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பெரிய தப்பாயிருச்சு. மௌத்துன்னு நெனைச்சு உங்க வீட்டாளுங்க அழுதுக்கிட்டு வந்தாங்களாம். என் கடை பேனரால ஒரு வீட்டுல அழுகைச் சத்தம் கேக்கக் கூடாதும்மா. இன்னைக்கே இறக்கிருறேன். டிவி விளம்பரமும் வேணாம். பழைய பொண்ணு போட்டோ இருக்கவே இருக்கு."

"பாய் நெயாயமான மனுசன்" என்றார் பெரியப்பா.

அத்தை போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "பாய், ஒன்னு சொல்லுங்க. பேனர் வச்சதுக்கு அப்புறம் கடைக்கு அம்மாமார்க யாராச்சும் வந்தாங்களா?"

அந்தப் பக்கம் தயங்கியது. "வந்தாங்கம்மா. சிவப்பு ஃபிரேம் கேட்டுக் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. புதுச் சரக்குக்குச் சொல்லிவிட்டிருக்கோம். அதுக்காக? உங்க அண்ணன் மனசு நொந்து நான் வியாபாரம் பண்ண மாட்டேம்மா. அவரு சரின்னாத்தான் வைப்பேன்."

போன் ஓய்ந்தது. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தோம். வழக்கமாகக் கூர்மையாகப் பேசிவிட்டு எழுந்துபோகிற அத்தை, அன்றைக்குத் தரையில் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் செத்துட்டேன்னதும் வண்டி புடிச்சு ஓடியாந்தீக. கோடி எடுத்தீக. அம்புட்டுப் பெரிய மாலை வாங்குனீக. உசுரோட இருக்கும்போது ஒருக்கா வந்து பாத்தீகளா? என் மூஞ்சி எப்படி இருக்குன்னு அந்த பேனரைப் பாத்துத்தானண்ணே உங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. அதையும் கழட்டணுமா?"

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன்.

"அந்த ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

நடந்துதான் போனோம். பேனருக்குக் கீழே நின்று ஏணி கேட்டார். ஸ்டாண்டுக்காரர்கள் கொடுப்பதாக இல்லை. "யாருண்ணே நீங்க? அக்கா மாலையை எதுக்குக் கழட்டணும்?"

"நான் அவ அண்ணன்டா. மாலைய மட்டும்தான் கழட்டப் போறேன்."

அந்த வயதில் அவரே ஏறினார். இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். வாடிய சம்பங்கியை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு உடனே இறங்கவில்லை. முகத்துக்கு முகம், கையெட்டும் தூரத்தில், தங்கச்சியின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நினைத்தாரோ. இறங்கியதும் கேட்டேன். "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பாய் நம்பரைக் கேட்டு வாங்கி, "இருக்கட்டும் பாய், வச்சுக்கங்க" என்று தானே சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பினால் அங்கே வேறொரு சிக்கல். கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது. வீட்டுக்குள் வைக்கவும் கூடாது. பெரியம்மா தாம்பாளத்தோடு வாசற்படியில் தவித்துக்கொண்டு நின்றார். கோயிலில் கொடுக்கலாமா, வைகையில் விடலாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தை போய் மடிப்பை விரித்தாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. விரலால் நிரடினாள்.

"மதினி, நீங்களா எடுத்தீக?"

"அழுதுக்கிட்டேதான் எடுத்தேன். ஆனாலும் நாலு கடை பாத்துத்தான் எடுத்தேன்" என்றார் பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உனக்கு மட்டமாப் போட்டா நீ ஒத்துக்க மாட்டியேன்னு."

"கலர் தூக்குதே" என்றாள் அத்தை. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "வீடியோவுக்கு இதான்."

"அடி பாவி!" பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டார். பெரியப்பா எதுவும் கேட்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று எல்லாருக்கும் அத்தைதான் சாதம் வைத்தாள். அப்பாவுக்கு நான் போன் செய்து பெரியப்பாவிடம் கொடுத்தேன். வரப்பைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு என்ன என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பாய் கடையில் வீடியோ எடுத்தோம். மஞ்சள் சேலை, சிவப்புக் கண்ணாடி. நான் எழுதிக் கொடுத்ததை அத்தை ஒரு தடவை படித்துவிட்டு மடித்துக் கல்லாவில் வைத்தாள். கேமராவைப் பார்த்து, "என்னைப் பாக்குறீங்களா? நானும் உங்களைப் பாக்குறேன். நல்லாத் தெரியுறீங்க" என்றாள். பாயின் மனைவி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கைதட்டினார். அதையே வைத்துக்கொண்டோம்.

அது லோக்கல் டிவியில் வந்த அன்று சாயங்காலம் எழுமலையிலிருந்து பெரியம்மா எனக்கு நேராகவே போன் செய்தார். குரலில் ஒரு குறை இருந்தது.

"பாத்தேன் தாயி, பாத்தேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அக்கம்பக்கம் பூராக் கூப்பிட்டுக் காமிச்சேன். ஆனா ஒன்னு. கடை பேரு போட்டீங்க, போன் நம்பரு போட்டீங்க. அந்தச் சேலைய எடுத்தது யாருன்னு ஒரு எழுத்துப் போடலையே?"

"போட்டிருக்கலாம் பெரியம்மா" என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்ககிட்ட உங்க போட்டோ இருக்கா?"

"ஆதார் கார்டுல இருக்கு" என்றார். "அது நான் மாதிரியே இல்லை."